கடலைக் கணக்கிட்ட விவரம்

1942 ஏப்ரல் 20, ராசிபுரம்

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவானாம். அதற்குப் பயந்து கடல் ஆராய்ச்சி அலுவலகம் நம்மூருக்குக் குடிவந்துவிட்டது. அறுபத்து மூன்று மரப்பெட்டி நிறையப் பதிவேடுகள். எந்தக் கரையில் தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எந்த மீன் எப்போது வந்தது, எப்போது வராமல் போனது — இருபத்தோரு வருஷத்து விவரம். இறக்கி வைத்த இடம் சந்தைக்குப் பின்னால் உள்ள நிலக்கடலைக் கிடங்கு. தாலுகா ஆபீசில் சும்மா இருந்த குமாஸ்தா என்று என்னைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். நான் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான்.

ஏப்ரல் 27

பெயர்ப்பலகை வந்தது. ‘கடல் ஆராய்ச்சி அலுவலகம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வர்ணம் அடிக்கும் கந்தன் கிடங்கை ஒரு பார்வை பார்த்திருக்கிறான். குமாஸ்தா எழுத்தை விட்டுவிட்டார் என்று முடிவுகட்டி, ஓர் ஐகாரத்தை இனாமாகச் சேர்த்துவிட்டான். ‘கடலை ஆராய்ச்சி அலுவலகம்.’

அதிகாரி கைலாசம் பெட்டிகளோடு பட்டணத்திலிருந்து வந்தவர். குதிப்பார் என்று பயந்தேன். பலகையை வெகுநேரம் பார்த்தார். எதிரி ஏமாந்து போவான், இருக்கட்டும் என்றார். எதிரி தமிழ் படிப்பானா? ரப்பர் முத்திரையும் பலகையைப் பார்த்தே செய்தாகிவிட்டது.

மே 9

இன்றும் மூன்று பேர் வாடின கடலைச் செடியோடு வந்தார்கள்.

நவம்பர் 3

தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து வீரபாகு என்பவர் கடிதம். தினம் காலையில் கடலில் தெர்மாமீட்டரை விட்டுச் சூடு பார்ப்பதும், மீன் வரத்தை எழுதுவதும் அவர் வேலை. இருபத்தோரு வருஷமாக எழுதி எழுதி மேலே அனுப்பியவரிடம் ஒரு பிரதிகூட இல்லை. போன வருஷமும் இந்த வருஷமும் சாளை மீன் வரவில்லையாம். தை பிறந்ததும் நாற்பது குடும்பங்கள் வள்ளங்களை — படகைத்தான் அப்படி எழுதுகிறார் — விற்கப்போகின்றன. முன்னேயும் இப்படிப் போன மீன் திரும்பி வந்ததாக அவருக்கு ஞாபகம். வாய்ச்சொல்லை யாரும் நம்பவில்லை, எழுத்து வேண்டும். ‘நான் எழுதினதை எனக்கே ஒரு தடவை காட்டுங்கள்’ என்று முடித்திருக்கிறார்.

நவம்பர் 4

கைலாசம் மறுத்துவிட்டார். கடலின் சூடு போர் ரகசியமாம். எதிரியின் நீர்மூழ்கிக்கு உதவுமாம். அந்த மனிதரே எழுதியதுதானே என்றேன்.

“எழுதினது அவரா இருக்கலாம். படிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.”

நவம்பர் 19

இரண்டு வாரமாகப் பெட்டிகளைக் குடைந்தேன். இருபத்தைந்திலும் இருபத்தாறிலும் சாளை இல்லை, இருபத்தேழில் கொட்டியிருக்கிறது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு இல்லை, முப்பத்தைந்தில் மறுபடி. இரண்டு தடவையும் மூன்றாம் வருஷம்! தெரிந்து என்ன பயன்? எழவு, மீனுக்குத் தெரிஞ்சது மீன் புடிக்கறவனுக்குத் தெரியக்கூடாதாமா?

டிசம்பர் 2

நாமகிரிப்பேட்டையிலிருந்து வெள்ளியங்கிரிக் கவுண்டர் வந்தார். “ஏனுங்க, எந்தூர்ல எத்தனை கடலக்காய் வெளஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க. எங்கூட்டுப் பங்காளி நம்ப மாட்டேங்கறான்” என்றார். அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், கைலாசம் உள்ளிருந்து ஓடிவந்தார். உணவைப் பெருக்கச் சொல்லி மேலிடத்துச் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். கடலை விவரத்தை யார் கேட்டாலும் தாராளமாகக் கொடுக்கலாமாம். தாலுகா ஆபீசில் வாங்கி எழுதிக் கொடுத்தேன். கைலாசம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வழி தெரிந்துவிட்டது. வேலை போய்விட்டால்? வீட்டில் மனைவி சாரதாமணியிடம் சொன்னேன். “போனாப் போவுதுங்க, தறி இருக்குது” என்றாள்.

டிசம்பர் 14

எட்டுப் பக்கம். தலைப்பு: ‘கடலைக் கணக்கிட்ட விவரம், 1921–1942.’ இதில் ஒரு பொய்யும் இல்லை. இரண்டாம் வேற்றுமை என் பக்கம். சூடு, வரத்து என்று பத்திகள் உண்டு. மீன் என்ற சொல்லை மட்டும் எங்கும் எழுதவில்லை. கைலாசம் பேனாவை எடுத்தவர் முகவரியைப் பார்த்து நிறுத்தினார். கடற்கரையில் கடலை விளையுமா என்று கேட்டார். மணல் பூமிங்க என்றேன். கையெழுத்து விழுந்தது. உடனே தபாலில் சேர்த்துவிட்டேன்.

1943 ஜனவரி 30

தை பாதி போய்விட்டது. பதில் இல்லை.

அக்டோபர் 8

கடைசியில் ஒரு கார்டு. ‘மூன்றாம் வருஷ வரத்து வந்துவிட்டது. கரையில் கொட்ட இடமில்லை.’ கைலாசம் எனக்கு முன்னால் படித்துவிட்டார். கடற்கரையில் கடலை விளைவித்த சாதனையை மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். நேரில் பார்த்து அறிக்கை தரும்படி எனக்கு உத்தரவு.

அக்டோபர் 21, வீரபாகுவின் ஊர்

கரையெல்லாம் சாளை. கால் வைக்க இடமில்லை. வீரபாகு நான் நினைத்ததைவிட வயதானவர். என் எட்டுப் பக்கத்தையும் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். படித்துக் காட்டியதும் முப்பத்தேழு குடும்பங்கள் விற்காமல் நின்றுவிட்டனவாம். மீதி மூன்று? போர்க்காலத் தபால் தணிக்கைக்காரர்கள் உறையைப் பிரித்து ஒரு மாசம் வைத்திருந்தார்களாம்.

“தபால் வந்தது தை ரெண்டாந் தேதி. என் மச்சினன் மொத நாளே வித்துட்டான். இப்பம் அதே வள்ளத்துல கூலிக்குப் போறான்.”

நவம்பர் நாலாம் தேதியே அனுப்பியிருந்தால்? என்னை அவர் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அந்த மச்சினன்தான் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். விளைச்சல்: நன்று. மச்சினனை எழுத அதில் பத்தி இல்லை.