தெருவைப் பார்த்த செருப்பு

14-2-40, புதன்

இன்ஸ்பெக்டர் இன்றும் வரவில்லை. அவருக்காக மூன்று நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுதான் மிச்சம். இந்தப் புதுச்சத்திரம் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் பாடம் நடத்துகிறவன் நான் ஒருவன்தான். அதைப் பார்க்க மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

சாயங்காலம் அருணகிரி வந்தான், சேலத்திலிருந்து. கிராப்புத் தலை, கையில் கடிகாரம், மூக்கில் கண்ணாடி. கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வெறும் கண்ணாடி! எழுத்து பெரிதாகவும் தெரியவில்லை, சிறிதாகவும் தெரியவில்லை.

"எதுக்குடா இது?"

"ஸ்டுடியோவுல எல்லாரும் போடறாங்கடா."

நாளைக்கு எல்லாரும் வால் ஒட்டிக்கொண்டால் இவனும் ஒட்டிக்கொள்வான்.

பெரிய படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் ஒரு துண்டுப் படம் காட்டுகிறார்களே, கோமாளிகள் விழுந்து எழுந்திருப்பது, அதற்குக் கதை எழுதுகிறானாம். படித்த படிப்புக்கு நல்ல உத்தியோகம்.

எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. வாத்தியார் டிரெயினிங்குக்கும் ஒன்றாகத்தான் போனோம். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேருவது என்று பேச்சு. பாதியில் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேனா? அதனால்தான் கேட்கவில்லை.

போகும்போது, "உக்கார்றதுக்கு முன்னால துண்டுல மூணு தரம் தட்டறத நீ இன்னும் உடலையாடா?" என்று சிரித்தான். சுத்தத்தைப் பார்த்தால் சினிமாக்காரனுக்குச் சிரிப்பு வருகிறது.

3-3-40

இடது செருப்பின் வார் அறுந்துபோயிற்று. தைக்க நல்ல நூல் இல்லையென்று செருப்புத் தைக்கிற மாரி செம்புக் கம்பி போட்டு முறுக்கிக் கொடுத்தான். நடந்தால் லாடம் அடித்த மாடு மாதிரி சத்தம்.

21-4-40

அருணகிரிக்குக் கல்யாணமாம். பெண் மோகனூர்ப் பக்கம். பஸ் நிற்கும் இடத்தில் காப்பிக் கடை வைத்திருக்கும் கருப்பண்ணன் சொன்னான். என் கல்யாணத்தில் பந்தல்கால் நட்டதிலிருந்து பாய் சுருட்டியது வரைக்கும் கூட நின்றவன் அவன். அவன் கல்யாணச் சேதி எனக்குக் காப்பிக் கடையில் கிடைக்கிறது. காப்பியும் தண்ணி.

12-5-40, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் அருணகிரி வருகிறான், கையில் வெற்றிலை பாக்குத் தட்டத்தோடு. கல்யாணத்துக்கு அழைக்க இப்போதுதான் ஐயாவுக்கு வழி தெரிந்திருக்கிறது.

பெண்டாட்டி செல்லாயியிடம், "நான் இல்லைன்னு சொல்லு" என்றேன்.

"ஏனுங்க, வெத்தல பாக்கோட வாராருங்க..."

"சொன்னதைச் செய்."

உள் அறையில் கம்பு மூட்டைகளுக்குப் பின்னால், சின்ன வயதில் நானும் அவனும் கண்ணாமூச்சி ஆடிய இடத்தில், போய்ப் படுத்துக்கொண்டேன். ஒளியவில்லை, படுத்தேன். என் வீட்டில் நான் எங்கே வேண்டுமானாலும் படுப்பேன்.

"அவரு ஊட்ல இல்லீங்க. தோட்டத்துக்குப் போயிட்டாருங்க" என்றாள் செல்லாயி. பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

பிறகு அவன், "சரிங்க. வெத்தல பாக்கு அவன் கையிலதான் குடுக்கோணும். நான் வாரேன்" என்றான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டான். பெரிய மனிதன், எங்கள் வீட்டுத் தண்ணீர் இறங்காது.

இன்னொரு தரம் வரட்டும். ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினால்தான் வாத்தியாரின் அருமை தெரியும். இரண்டாம் தரம் வந்தால் எழுந்து போய் வாங்கிக்கொள்வேன். வருவான்.

வெயில் தாழ வெளியே வந்தபோது செருப்பு இரண்டும் தெருவைப் பார்த்தபடி ஜோடியாகத் திருப்பி வைத்திருந்தது. காலை விட்டேன், நடந்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் செல்லாயிக்குப் புத்தி வந்திருக்கிறது.

13-5-40

கருப்பண்ணன்: "நேத்து அருணகிரி புளியமரத்தடியில மூணு பஸ்ஸ உட்டுட்டு நாலாவதுலதான் போனான். யாருக்குடா நிக்கறேன்னா, சும்மான்னான்."

பஸ்ஸில் கூட்டமாக இருந்திருக்கும். சினிமாக்காரன் நின்றுகொண்டு போவானா?

20-5-40

வரவில்லை.

24-5-40

வரவில்லை. பஸ் சத்தம் கேட்டால் செல்லாயி வாசலுக்குப் போய்ப் பார்க்கிறாள். நான் பார்ப்பதில்லை. அவள் வந்து சொல்லட்டும் என்று இருக்கிறேன்.

27-5-40

இன்று முகூர்த்தம். போகவில்லை. வெற்றிலை பாக்கு வாங்காமல் ஒருத்தன் கல்யாணத்துக்கு எப்படிப் போவது? எங்கள் ஜனத்தில் அது வழக்கமில்லை.

"அவரு வெத்தல பாக்கு வெக்கத்தான வந்தாருங்க, நீங்கதான்..." என்று செல்லாயி ஆரம்பித்தாள். ஒரு பார்வை பார்த்தேன், நிறுத்திக்கொண்டாள்.

ஏன் போகவில்லை என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள். "அழைக்கவில்லை" என்றேன். நாலு பேரும் அருணகிரியைத் திட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சோறுதான் இறங்கவில்லை. கத்திரி வெயில்.

29-5-40

கல்யாணத்துக்குப் போய்வந்த கருப்பண்ணன் சொல்கிறான், தாலி எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் மாப்பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். இவனுக்குக் காப்பி போடத்தான் தெரியாது, கதை நன்றாகக் கட்டுகிறான்.

9-11-40, சனி

ஐந்து மாதமாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? மழை, பள்ளிக்கூடம், ஒழுகும் கூரை.

இன்று நாமக்கல் டெண்டுக் கொட்டகை வண்டி தமுக்கு அடித்துக்கொண்டு வந்து நோட்டீஸ் வீசிப் போயிற்று. ஏதோ புராணப் படம். அடியில் சின்ன எழுத்தில்: "இத்துடன் 'வாத்தியார் வீட்டில் இல்லை' என்னும் இணையற்ற ஹாஸ்யப் படமும் உண்டு."

நான்கு தரம் படித்தேன். வேறு வாத்தியாராக இருக்கும். நாட்டில் வாத்தியாருக்கா பஞ்சம்?

அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிய வழியில்லை.

11-11-40

நேற்று முதல் ஆட்டம் போனோம். மணல் தரையில் உட்காரும் முன் துண்டால் தட்டினேன். மூன்று தரம்.

துண்டுப் படம் ஆரம்பித்தது. இரண்டு பையன்கள் ஒரே பெஞ்சில். பிறகு ஒருத்தன் பட்டணத்துக்குப் போகிறான். இன்னொருத்தன் வாத்தியார் ஆகிறான். வாத்தியார் வருகிறான், நாற்காலியைத் துண்டால் ஒன்று, இரண்டு, மூன்று தட்டுகிறான். கொட்டகையே சிரித்தது. பெஞ்சைத் தட்டினான், சிரித்தார்கள். மாட்டு வண்டியைத் தட்டினான், சிரித்தார்கள். என் பக்கத்தில் ஒரு தடியன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். எழுந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே. என் மானத்தை ஓரணா டிக்கெட்டுக்கு விற்றுவிட்டான் பாவி!

அப்புறம் அந்த இடம் வந்தது. சிநேகிதன் தட்டத்தோடு வருகிறான். வாத்தியார் மூட்டைக்குப் பின்னால் ஓடுகிறான். அவர் வீட்டில் இல்லை என்கிறாள் பெண்டாட்டி. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் செருப்பு. இடது வாரில் கம்பி முறுக்கு.

வந்தவன் அதைப் பார்க்கிறான். குனிந்து இரண்டையும் எடுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கிறான். போய் மரத்தடியில் நிற்கிறான். ஒரு பஸ் போகிறது. இன்னொன்று. இன்னொன்று. படம் முடிந்தது.

அதற்கும் சிரித்தார்கள், முட்டாள்கள். செல்லாயி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன்: "அன்னிக்கு செருப்பைத் திருப்பி வெச்சது நீதானே?"

"நானா? உங்க செருப்ப நான் எதுக்குங்க தொடறேன்?"

நான் வெளியே வரட்டும்னுதான் திருப்பி வெச்சிருக்கான். காலை விட்டா போதும், நேரா மரத்தடி. நானும் அதைத்தான் மாட்டிட்டு நடந்தேன் — தோட்டத்துக்கு. எதிர்ப்பக்கம். இருக்கேன்டா, உள்ளதான் இருக்கேன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்? நாக்கு அழுகிப்போயிருக்குமா?

ஒரே சிநேகிதன். இன்னொருத்தன் எனக்குக் கிடையாது. இருந்தால் இதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பேனா?

16-11-40

வெற்றிலை ஒரு கவுளி, பாக்கு, எலுமிச்சம்பழம் இரண்டு. கல்யாணமானவர்களை விருந்துக்கு அழைப்பது முறை. ஆறு மாதம் கழித்து அழைப்பது எந்த ஊர் முறை என்று செல்லாயி கேட்கவில்லை. தட்டத்தைத் துலக்கிக் கொடுத்தாள்.

17-11-40, ஞாயிறு

சேலம் போய்வந்தேன். வீடு நாமக்கல் ரோட்டு மேலேயே. வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி, பட்டணத்து மோஸ்தர், வீட்டுப் பக்கம் பார்த்துக் கிடந்தது.

சௌந்திரம் வெளியே வந்தாள், அவன் பெண்டாட்டி. "புதுச்சத்திரத்திலிருந்து" என்றேன். தட்டத்தைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்திருப்பாள்.

"அவங்க ஊட்ல இல்லீங்க" என்றாள். இவளுக்கும் பொய் சொல்லத் தெரியவில்லை. "தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன். இரண்டு சொம்பு. தட்டத்தை அவளிடம் கொடுக்கவில்லை, அவன் கையில்தான் கொடுக்க வேண்டும்.

அவள் உள்ளே போனதும் குனிந்தேன். பிறத்தியான் செருப்பை நான் தொட்டது இதுதான் முதல் தடவை. தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். எதிர்க் காப்பிக் கடையில் போய், பெஞ்சைத் தட்டாமல் உட்கார்ந்தேன்.

நாமக்கல் பஸ் நான்கு போயின. ஐந்தாவதில் ஏறினேன்.

அவன் மூன்றுதான் விட்டான்.