முத்துவுக்கு வயிறு இளகியது

புதன், இரவு

மகள் ஜெனி காலேஜ் விடுதிக்குப் போனபின் அவளுடைய பியர்டட் டிராகன் முத்து எங்கள் பொறுப்பு. பார்க்க முள்தாடி வைத்த பெரிய ஓணான். சில நாட்களாக அது எதையும் தின்னவில்லை, வெளிக்கும் போகவில்லை. இன்று இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கும் பெங்களூர் டாக்டர் ஒருவரைப் போனில் பிடித்தேன்.

"ஓசூர் குளிருக்கு நீங்க கூண்டுல போட்டிருக்கற பல்பு பத்தாதுங்க. சூடு இல்லேன்னா தின்னது செரிக்காது. வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வெச்சு வயித்த மெல்லத் தடவுங்க" என்றார்.

ஒரு பேசினில் வெந்நீர் விளாவி முத்துவை உட்கார வைத்தேன்; தடவத்தான் பிடிபடவில்லை. இதுவரை அதைத் தொட்டே பார்க்காத என் மனைவி மேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க. ஜெனிக்கு வயிறு கட்டிக்கிட்டா நாந்தான தடவி விடுவேன்?"

விளக்கெண்ணெய் தடவுவது போலவே ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் கலங்கியது.

"போயிருச்சுங்க! போயிருச்சு!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். ஜெனியை விடுதியில் விட்டுவந்த அன்றுகூட அவள் அழவில்லை.

பெரிய பல்பு மாட்டியாயிற்று. முத்து இன்னும் தின்னவில்லை. படுக்கக் கூப்பிட்டேன். "நீங்க படுங்க" என்று கூண்டருகிலேயே உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஒரு முருங்கைக் கொழுந்தோடு.