பைப் மறுபடி தட்டுகிறது, நானா

மறைந்தும் என் கதை கேட்கும் என் கூடப்பிறந்த நானாவுக்கு,

நாம் வேலை செய்த, மூடிக் கிடந்த தேங்காய்த்துருவல் மில்லை மறுபடி திறந்துவிட்டார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். நீராவி பைப் மட்டும் பழையதுதான். யுத்தம் முடிந்ததும் உம்மா, நாம் விரட்டப்பட்டு வந்த மன்னாருக்கே திரும்பிவிட்டா. நானும் உங்கள் மகள் சுமையாவும் மதுரங்குளியிலேயே இருக்கிறோம். அவளும் இப்போது என்னோடு உலர்த்தும் அறையில்தான் வேலை.

அந்த அறை உங்களுக்குத் தெரியாததா? நீராவியில் சூடாகித் துருவலைக் காயவைக்கும் ரேடியேட்டர்களில், பொயிலருக்குக் கிட்ட இருப்பது கொதிக்கும். கடைசி ரேடியேட்டர் வெதுவெதுப்பிலேயே நிற்கும். பைப்பில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, நீங்கள் வால்வை மெல்ல மெல்லத் திறப்பீர்கள். இல்லாவிட்டால் நீராவி அந்தத் தண்ணீரை வாரியடித்து, பைப் சம்மட்டிபோலத் தட்டும். நீங்கள் சாப்பிடப் போன ஒரு நாள் யாரோ அதை ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள். மூட ஓடினீர்கள், பைப் மூட்டு வெடித்தது. சிலாபம் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை மையித்தாக, உயிரில்லாமல்தான் கொண்டுவந்தோம். ஓடும்போது அந்தத் தட்டும் சத்தம் உங்களுக்குக் கேட்டதா?

போன கிழமை எனக்குக் கேட்டது. பைப்பைத் தாங்கிய கம்பி அறுந்து, பைப் நடுவில் தொய்ந்து கிடந்தது.

"கடைசி வரிசைத் துருவல் இன்னும் ஈரம். வால்வை நல்லாத் திறங்க" என்றார் சுப்பவைசர்.

"தண்ணி நிக்குது சேர். வடிச்சிட்டுத் திறப்பம்" என்றார் பொயிலர் பார்க்கும் சுனில் அண்ணன்.

"பழைய பைப் எண்டால் தட்டும்தானே. திறங்க."

சுமையா கடைசி ரேடியேட்டரடியில் நின்றாள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"துருவல் தட்டை வச்சிட்டு வெளியில வா."

"ஏன் மாமி?"

"வா எண்டால் வா."

மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகத் தட்டை வைத்தார்கள்.

"இப்ப போறவங்க நாளைக்கு வரத் தேவையில்ல" என்றார் சுப்பவைசர்.

"நாளைக்கு வாறதுக்கு உசிர் வேணும் சேர்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சுனில் அண்ணன் யாரையும் கேட்கவில்லை. பெரிய வால்வை மூடினார். சூடு தணிந்த பின் வடிகுழாயைத் திறந்தார். துருத் தண்ணீர் நெடுநேரம் துப்பித் துப்பி வந்தது. சுமையா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பாட உசிரை எடுத்ததும் இதுதானா மாமி?"

"ஓம், இதுதான்" என்றேன்.

பைப்பைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டு, போதும் என்கிறார்கள். பைப்பை மாற்றும்வரை உள்ளே வரமாட்டோம் என்று நாங்கள் மில் கேற்றுக்கு வெளியே இருக்கிறோம். சுனில் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புகைக்கூண்டில் மட்டும் புகை நிற்கவில்லை. இன்று காலை கற்பிட்டிப் பக்கமிருந்து ஒரு வேனில் வேறு பெண்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். சுமையாவின் வயதில்கூட ஒருத்தி இருந்தாள். இப்போது வால்வில் யார் நிற்கிறார்கள் நானா?

நாளைக்கு அந்த வேன் கேற்றுக்குள் போகுமுன் நான் அதன் முன்னால் நிற்பேன். உங்களுக்கு நடந்ததை அவர்களிடம் சொல்லாமல் வழிவிட மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
நஸீமா