தொங்கும் பேசின் வேண்டாம்

தம்போய்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் யுகேந்திரனுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. நான் சுகம், பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதாமே, மாசமாக இருக்கும் மருமகள் லோஷினியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

புது வீட்டுக் குளியலறைக்கு முகம் கழுவ எந்தப் பேசின் நல்லது என்று கேட்டுப் படம் அனுப்பியிருந்தாய். மேசைமேல் உட்காரும் கிண்ணம் அழகுதான், ஆனால் அடியைச் சுற்றி அழுக்கு சேரும், லோஷினிதான் தினம் துடைக்க வேண்டிவரும், நீ துடைக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா. இரண்டாவது படத்தில் சுவரில் தொங்குகிறதே, அந்தப் பேசினை மட்டும் வாங்காதே. காரணத்தைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மா ஈரத்தில் வழுக்கி விழுந்தாள் என்று உனக்குச் சொன்னோமே, அது பொய்யய்யா. போன தீபாவளிக்கு நம் வீட்டுத் திறந்த இல்ல விருந்துக்கு ஊரே வரும் என்று, பழைய பேசினையும் அதைத் தாங்கிய பீங்கான் காலையும் கழற்றிவிட்டுத் தொங்கும் பேசினை நானே மாட்டினேன். சுவர் உதிர்ந்த இடத்தில் சிமெண்டு பூசி மறுநாளே துளை போட்டேன். பக்கத்து வீட்டு ஜெயபாலன், "அண்ணே, ஒரு வாரம் காயட்டும்லா" என்றான். நான் கேட்கவில்லை. போல்ட் செங்கல் வரை போகவுமில்லை. முட்டிவலிக்காரி உன் அம்மா பேசினைப் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவுவாள் என்பது எனக்குத் தெரியும். தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் அது அவளோடு சேர்ந்து விழுந்தது. இடுப்பு எலும்பு உடைந்து கிடந்தவள், "வழுக்கிடுச்சுன்னே சொல்லுங்க, புள்ள உங்கள வெறுத்துடுவான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். பொங்கலைப் பார்க்காமலே போய்விட்டாள்.

இப்போதும் விடியற்காலையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கிறது, அவள் தொண்டையைக் கனைத்து வாய் கொப்பளிப்பதும் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் பேசினே இல்லாத சுவரும் இரண்டு ஓட்டையும்தான். பயமாக இருக்கிறதய்யா. ஆனால் ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்பதுதான் பெரிய பயம். ஓட்டையை அடைக்க மனமே வரவில்லை.

அடியில் கால் உள்ள பேசினையே நீ வாங்கு. போல்ட் செங்கலுக்குள் இறங்குகிறதா என்று பக்கத்தில் நின்று பார், பூச்சு நன்றாகக் காயட்டும். வருடம் ஒரு தடவை போல்டை முடுக்கு, சுவரோரப் பசையில் விரிசல் விட்டால் உடனே புதிதாகப் பூசு. இனி வயிறு கனக்கக் கனக்க லோஷினியும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அதற்காகத்தான் உன் அம்மாவிடம் செய்த சத்தியத்தை மீறினேன்.

முருகன் உங்கள் மூவரையும் காக்கட்டும். என்னோடு பேச உனக்கு மனம் வராவிட்டால் பரவாயில்லை, மாட்டிய பேசினைப் படம் எடுத்து மட்டும் அனுப்பு. அடியில் கால் தெரிய வேண்டும்.

உன் அப்பா,
சபாபதி