வரிசையில் நாம் வைத்த குடம்

என் பிரியமுள்ள ஃபரீதா ராத்தா,

இன்று காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "கேள்விக்கொத்தும், கூடவே இருந்து பார்த்தலும் தொடக்கத்திலேயே திட்டமிட்டு இணைக்கப்பட்டன." நான் எழுதியதுதான். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

எங்கே திட்டமிட்டோம், ராத்தா? சண்டையல்லவா பிடித்தோம்?

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்து, இன்னொரு தண்ணீர்ப் பீலி கேட்டு எழுதுவதுதான் நம் இருவரின் வேலை. நான் கேள்விக்கொத்தோடு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் பத்து நிமிடம் என்றார்கள். அதை அழகான அட்டவணையாக்கி உங்களிடம் நீட்டினேன். திகனையிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்த களைப்பு உங்களுக்கு.

"பத்து நிமிசத்தில தண்ணி கெடைக்கிதெண்டா எங்களுக்கு இங்க என்ன வேல ஈக்கி? ஒண்ட தாளக் கண்டு பயந்து சொல்லீக்காங்க" என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீங்கள் சொன்னதுதான் சரி. பீலியடியில் நேரமாகிறது என்றால், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்துவது அதனால்தான் என்று தோட்டத்து ஆபீசில் பேச்சு வருமோ என்று பயந்திருக்கிறார்கள்.

மறுநாள் விடியலில் நீங்களே குடத்தோடு போய் நின்றீர்கள். கூட நின்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி என்பது உங்கள் கட்சி. என்ன ஆயிற்று?

"டீச்சர், நீங்க மொதல்ல புடிங்க. நாங்க தெனம் நிக்கிறவங்கதானே" என்று லயத்துச் செல்லம்மா உங்களை முன்னால் தள்ளிவிட்டார். ஐந்தே நிமிடத்தில் நிறைகுடத்தோடு திரும்பினீர்கள். என் அட்டவணையைவிடக் குறைவு என்று கேலி செய்தேன். இரண்டு நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள், ஆளில்லாமல் குடங்கள் மட்டும் வரிசையில் நிற்பதை நீங்கள்தான் கவனித்தீர்கள். யாருடையது என்று சொல்லாமல் நம் குடத்தையும் வைக்கும்படி செல்லம்மாவிடம் கொடுத்தோம். தள்ளி உட்கார்ந்து, நீங்கள் குடம் நகர்வதைச் சொல்லச் சொல்ல, நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல். அந்தத் தாளைக் காட்டிய பிறகுதான் பெண்கள் வாய் திறந்தார்கள்.

இரண்டாவது பீலி வந்துவிட்டது, ராத்தா. உங்கள் ஜனாஸாவை அடக்கம் செய்து எட்டு மாதம் கழித்து. "திகன டீச்சர் வரலீங்களா?" என்று செல்லம்மா கேட்டார்.

"தடுமாறினதை எல்லாம் எழுதினா, இதில முறையே இல்லை எண்டு சொல்லுவினம். திட்டமிட்டது எண்டே இருக்கட்டும்" என்கிறார் என் மேற்பார்வையாளர். அந்த வாக்கியம் இருந்தால் பட்டம் கைக்கு வந்துவிடும். நடந்ததை எழுதினால் இன்னும் எத்தனை காலம் இழுக்குமோ. எனக்கு வயது நாற்பத்தாறு. ஆனால் நடந்ததை மறைத்தால், அடுத்து வேறொரு தோட்டத்துக்குப் போகிறவர் பத்து நிமிடம் என்பதை அப்படியே நம்பிவிட்டுத் திரும்புவார் அல்லவா?

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கையளிக்க வேண்டும். கையளிக்கப் போவதில்லை. வீட்டிலும் சொல்லவில்லை, மேற்பார்வையாளரிடமும் சொல்லவில்லை. என் பிழை முதலில், உங்கள் பிழை அடுத்தது என்று அத்தியாயத்தை மறுபடி எழுதப் போகிறேன். உங்களுடையதைக் குறைத்து எழுத மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களோடு சண்டை பிடித்த தங்கச்சி,
சாந்தி
அம்பிட்டிய