மஞ்சள் படாத இடம்

அண்ணி, இன்று காலை குளிக்க வாளியில் வெந்நீர் கலந்ததும் மணிக்கட்டில் கொஞ்சம் விட்டுச் சூடு பார்த்தேன். எனக்குச் சூடு நன்றாகவே தெரியும். ஆனாலும் உங்களுக்காகப் பழகிய கை சொன்னால் கேட்பதில்லை.

புற்றுநோய்க்காக உங்கள் இடது மார்பை எடுத்து, வயிற்றுச் சதையை வைத்து மறுபடி கட்டினார்கள். மேடு வந்தது, முகம் வரவில்லை என்பீர்கள். பச்சை குத்தியே காம்பையும் கருவட்டத்தையும் வரைவார்களாம், ஈப்போ மருத்துவமனைக்குப் போகிறேன் என்று நீங்கள் சொன்ன அன்று நான் வாயைக் கொடுத்தேன்.

"அண்ணன் போயி ஆறு வருசம் ஆச்சு. யாருக்குக் காட்டப் போறீங்க?"

நீங்கள் கோபப்படவில்லை. "தெனம் குளிக்கிறேன்ல. நான் ஒருத்தி பாக்குறது பத்தாதா?" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குத்திக்கொண்டு வந்ததும் பார்த்துக்கொள்ளும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அது மரத்துப்போன தோல், கொதித்தாலும் சில்லிட்டாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால் தண்ணீரை என் கையில் சோதித்தே ஊற்றுவேன். தேய்க்காமல் துணியால் ஒத்தி எடுத்து, மருத்துவமனைத் தாதி கொடுத்த களிம்பை மெல்லிசாகப் பூசுவேன். தேயிலைக் கொழுந்துக் கூடையின் வார் உரசும், வேர்வை படும் என்று மலைக்கும் உங்களை விடவில்லை.

நான்காம் நாள் பொருக்குக் கட்டியது. எனக்குப் பயம். நம் தோட்டத்து லய வீடுகளில் கத்தி வெட்டோ அட்டைக் கடியோ, எந்தப் புண்ணானாலும் முதலில் மஞ்சள்தானே. நீங்கள் கண்ணயர்ந்திருந்தபோது குழைத்துப் பூசிவிட்டேன். உங்களுக்கு உறைக்கவே இல்லை. வாசனையில்தான் விழித்தீர்கள்.

"என்னத்தப் பூசுன?"

தொலைபேசியில் தாதி என்னைத் திட்டித் தீர்த்தாள். வெறும் தண்ணீரில் மெல்லக் கழுவச் சொன்னாள், களிம்பைத் தவிர வேறெதுவும் கூடாது என்றாள். கழுவும்போது நான் அழுதேன். "அழுது அந்தத் தண்ணியும் படப்போவுது, தள்ளி நில்லு," என்று நீங்கள் சிரித்தீர்கள்.

பொருக்கு தானாக உதிர்ந்ததும் கீழே வெளிறிய ஒரு தடம்தான் இருந்தது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படித்தான் வெளிறும், பொறுங்கள் என்று தாதி சொன்னதை நான் நம்பவில்லை. நீங்கள் நம்பினீர்கள். ஒரு மாதம் தாண்டி ஒரு காலை, சன்னலோரம் நின்று என்னைக் கூப்பிட்டீர்கள். நிறம் ஏறியிருந்தது. வலப்பக்கத்தின் அதே மாந்தளிர் நிறம், நடுவில் நிழலோடு புடைத்த காம்பு. விரலால் தொட்டேன். தட்டையான தோல். கண்ணுக்குத் தெரிந்த மேடு விரலுக்கு இல்லை. அதைவிட அதிசயம் உங்கள் முகம். கண்ணாடியைப் பார்த்துத் தலைசீவும் ஒரு சாதாரண மனுஷியாக நின்றீர்கள். மனிதக் கை இப்படியும் ஒன்றைத் திருப்பிக் கொடுக்குமா என்று அன்றைக்கு வியந்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.

போன வருடம் நோய் எலும்பில் திரும்பி வந்தது. இந்த முறை உங்களை விடவில்லை.

கடைசியாக உங்களைக் குளிப்பாட்ட லயத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். வழக்கப்படி மஞ்சளை அரைத்து உடம்பெல்லாம் பூசினார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் கை மார்புக்கு வந்தது. நான் என் உள்ளங்கையை வைத்து அந்த இடத்தை மூடினேன்.

"அங்க மட்டும் வேணாம் லா அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். நான் உள்ளங்கையை விலக்கியபோது நிறம் கொஞ்சமும் மங்காமல் இருந்தது. செம்பில் தண்ணீரை மொண்டேன். ஊற்றும் முன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன்.

சூடு சரியாகத்தான் இருந்தது, அண்ணி.