குழுவைப் பூட்டியது நான்தான்

மார்ச் 4
குடியிருப்பு வாட்ஸ்அப் குழு இன்று தண்ணீர்ப் புகாரோடு நிற்கவில்லை. ஐந்தாம் மாடி சார் ஒரு வீடியோ போட்டார். முஸ்லிம்கள் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாதாம், எச்சில் துப்பித்தான் தருவார்களாம். மூன்றாம் மாடித் தங்கச்சி முஸ்லிம். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள்; ஆர்டரெல்லாம் இதே குழுவில்தான் வரும். அவள் ஏதோ எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. வம்பு வளருமே என்று, அட்மின் என்கிற உரிமையில் யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டினேன். "எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது. அமைதி காப்போம்" என்று நான் மட்டும் போட்டேன். இதயங்களாக வந்து விழுந்தன. எனக்கே பெருமை.

மார்ச் 5
மாடிப்படியில் அவளைப் பார்த்தேன்.
"அக்கா, நான் பதில் எழுதிட்டிருந்தேன். அதுக்குள்ள பூட்டிட்டீங்க."
"உன் நல்லதுக்குத்தாம்மா."
"அந்த வீடியோ மட்டும் அப்படியே இருக்கேக்கா."
அதை அழிக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே! அழித்தால் சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 6
பார்க்கவில்லை.

மார்ச் 9
மகளுக்குப் பிறந்தநாள். வருடா வருடம் தங்கச்சியிடம்தான் கேக். வீட்டுக்காரர் சொன்னார்: "இந்தத் தடவை வெளியில வாங்கிடலாம். அவகிட்ட வாங்கினா நாம ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும்." நானும் தலையாட்டினேன். கடைப் பெட்டியோடு லிஃப்டில் நுழைந்தால், உள்ளே அவள். பெட்டியைப் பார்த்தாள்.
"பாப்பாவுக்கு வாழ்த்து சொல்லுங்கக்கா."
ஐயோ, என்ன ஜென்மம் நான்! அந்த எச்சில் கதையை நம்பினேனா? இல்லை. நம்பாமலேயே நம்பினவள் மாதிரி நடந்துகொண்டேன் — அது அதைவிடக் கேவலம் இல்லையா? நடுநிலையாம், நடுநிலை!

மார்ச் 10
வீடியோவை அழிக்கப் போனேன். நாள் கடந்துவிட்டது, இனி அட்மினாலும் முடியாதாம். குழுவைத் திறந்துவிட்டு எழுதினேன்: "அந்த வீடியோ பொய். தங்கச்சியைப் பேசவிடாமல் பூட்டியது என் தப்பு. மன்னித்துவிடு." ஐந்தாம் மாடி சார் குழுவை விட்டு வெளியேறினார். போகட்டும். கீழே ஒரே ஒரு பதில்: "நாளைக்குத் தண்ணி வருமா?"

மார்ச் 14
வெட்கத்தை விட்டு அவள் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரர் ஆபீஸ் விருந்துக்குக் கேக் வேண்டும் என்றேன்.
"இந்த வாரம் ஃபுல்லா ஆர்டர் இருக்குக்கா."
"அப்ப அடுத்த வாரம்?"
"அடுத்த வாரமும்தான்."
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் தோளுக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. கேக் அடுப்பைப் போர்வையால் மூடி, அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தாள்.